மீனுக்கு முன் பாடும் ஸ்கோப்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதா என்ற பழைய வழக்கை ஒரு டிஜிட்டல் ஸ்கோப்பின் (அலைவுகாட்டியின்) திரையில் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர், கல்லடிப் பாலத்தடியில் ஹைட்ரோபோனை (நீரடி ஒலிவாங்கியை) இறக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். கருவியின் வாயை மூடிவிட்டு, எதுவும் கொடுக்காத வேளையில் அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பி.என்.சி. வாயில் ஓர் ஐம்பது ஓம் டெர்மினேட்டரை மாட்டித் திருகுங்கள். உணர்திறனை ஒரு கட்டத்துக்கு ஒரு மில்லிவோல்ற்று என்ற அளவுக்குக் கூட்டுங்கள். சுழியத்தில் மெல்லிய கோடாகப் படுத்திருக்க வேண்டிய தடம், பாசி பிடித்த நைலோன் கயிறுபோலத் தடித்து ஓயாமல் நடுங்கும். காட்சியை நிறுத்திப் பெருப்பித்துப் பார்த்தால் கயிற்றின் நார்கள் தெரியும். படிப்படியாய் ஏறி இறங்கும் புள்ளிகள். அவற்றுக்கிடையே ஒரே இடைவெளி விட்டுத் தலைநீட்டும் கூர்முனைகள். அந்தக் கூர்முனை பெரும்பாலும் கருவிக்குள்ளேயே இருக்கும் மின்வழங்கியிலிருந்து கசிவது. வாவி இன்னும் வாயே திறக்கவில்லை, ஸ்கோப் பாடத் தொடங்கிவிட்டது. உயர் நுண்மை என்று விற்கப்படும் ஒரு ஸ்கோப்பின் தரம் இந்த மௌனப் பதிவில்தான் தெரியவரும் என்பது என் வாதம். பெட்டியில் அச்சிட்ட பிட் எண்ணிக்கையும், செக்கனுக்கு இத்தனை கோடி மாதிரிகள் என்ற கணக்கும், கருவி எட்டக்கூடிய உச்சவரம்பைத்தான் சொல்கின்றன. நம் கையில் இருக்கும் சைகைக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு கணக்கு.

வாவியின் ஓசையை எடுத்துக்காட்டாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மீன்பாடும் தேன்நாடு என்ற அழகுப் பெயருக்குப் பின்னால் கவனமான செவிச்சாட்சியம் ஒன்று உண்டு. அன்றைய குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கு வந்து, நிலவு எழுந்தபின் படகில் சென்று கேட்டதை 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதிவைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தடவும்போது எழும் ஓசைபோல, நீரிலிருந்து சின்னச் சின்னச் சுரங்கள், மேலும் கீழுமாகக் கலந்து கேட்டன என்கிறார். படகின் பலகையில் காதை வைத்தபோது ஓசை பலமடங்கு கூடியது. படகு நகர்ந்தபோது தேய்ந்து, சில இடங்களில் அறவே நின்று, பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி கேட்டது. இது மீனின் வேலை இல்லை, ஊரியின் வேலை என்று அன்றைய மீனவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கத்தும் ஊரி என்ற பொருளில் அவர் செவியில் விழுந்த தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் உருமாற்றி எழுதிவைத்திருப்பது இன்றைக்கும் வாசிக்கச் சுவையானது. நூறாண்டுக்குப் பின், 1954இல், புனித மிக்கேல் கல்லூரியின் இயேசுசபைப் பாதிரியார் லாங் அந்த ஓசையைப் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பானது. இந்தச் சாட்சியங்களில் அளவியலுக்குப் பயன்படுவது மூன்றே செய்தி: ஓசை மெலிது, பல மீடிறன்கள் கலந்தது, இடத்துக்கு இடம் மாறுவது. ஒரு ஸ்கோப்பை உரசிப் பார்க்க இதைவிடக் கடினமான கல் வேண்டியதில்லை.

சவளின் ஒரு நுனியை நீரில் விட்டு, மறுநுனியைக் காதோடு ஒட்டிக் கேட்பது வாவி மீனவர்களின் வழக்கம். அதைக் கிராமத்து வேடிக்கை என்று சிரிப்பவர் அளவியல் அறியாதவர். நீரில் ஓடும் ஒலி காற்றுக்குத் தாவும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மேலே வருகிறது. மிச்சமெல்லாம் நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். சவளோ நீரின் அதிர்வை மரத்தின் வழியே நேராகக் காதெலும்புக்குக் கொண்டுபோகிறது. இடையில் காற்று இல்லை. மின்னணுவியலில் இதையே தடைப் பொருத்தம் என்கிறோம். மீனவர் அதைப் பெயர் சொல்லாமல் செய்கிறார். சவளுக்கு இன்னொரு நல்ல குணம், அது சுயமாக இரைவதில்லை. ஹைட்ரோபோனும் முன்பெருக்கியும் ஸ்கோப்பும் சேர்ந்த சங்கிலியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு ஒரு மில்லிவோல்ற்று தரும் ஹைட்ரோபோன் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சந்தையில் கிடைக்கும் சாதாரண வகை அதுதான். வாவி ஓசை அந்த இடத்தில் ஒரு பாஸ்கலின் இருபதில் ஒரு பங்கு என்று கொண்டால் கிடைப்பது, ஆர்.எம்.எஸ். கணக்கில், ஐம்பது மைக்ரோவோல்ற்று. எட்டுக் கட்டம் உயரமுள்ள திரையில், கட்டத்துக்கு ஒரு மில்லிவோல்ற்று என்றால் முழு வீச்சு எட்டு மில்லிவோல்ற்று. எட்டு பிட் கருவி இதை 256 படிகளாக வெட்டும். ஒரு படி 31 மைக்ரோவோல்ற்று. நம் ஓசையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே நாலு படி, கூடினால் ஐந்து. பாட்டு என்று வந்தது மாடிப்படி ஆகிவிடும். பன்னிரண்டு பிட் கருவி அதே வீச்சை 4,096 படிகளாக வெட்டுவதால் ஒரு படி இரண்டு மைக்ரோவோல்ற்றுக்கு இறங்கிவிடுகிறது. உச்சிக்கும் அடிக்கும் இடையே எழுபது படி. கடைக்காரர் இந்த இடத்தில் கணக்கை முடித்துக்கொண்டு பில் போடத் தொடங்குவார். 2012 அளவில் லெகுரோய் பன்னிரண்டு பிட் வரிசையைக் கொண்டுவந்தபோது அது ஆய்வுகூடங்களின் சொத்து. 2023இல் ரிகோலின் டி.எச்.ஓ. 800 வரிசையும் அடுத்து சிக்லென்ட்டின் மலிவு வரிசையும் வந்தபின் சாதாரணப் பட்டறை மேசைக்கும் பன்னிரண்டு பிட் எட்டிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கணக்கு முடியவில்லை.

முடியாத காரணம் முதலில் பார்த்த பாசிக் கயிறு. இருநூறு மெகாஹேர்ட்ஸ் பட்டையையும் திறந்துவைத்த ஒரு மேசைக் கருவியின் உள்ளீட்டு இரைச்சல், ஆர்.எம்.எஸ். கணக்கில், சில பத்து மைக்ரோவோல்ற்றில் தொடங்கி நூறைத் தாண்டியும் போகும். இரண்டு மைக்ரோவோல்ற்றுப் படிகளை அழகாகச் செதுக்கிவிட்டு, அவற்றின்மேல் ஐம்பது மைக்ரோவோல்ற்று உயரத்துக்குச் சேறு கொட்டியதுபோல் ஆகிவிடுகிறது. மிதிக்கப் படி ஏது? இதனால்தான் பயனுள்ள பிட் எண்ணிக்கை என்ற அளவு வந்தது. தூய சைன் அலை ஒன்றைக் கொடுத்து, கருவி பதிந்த புள்ளிகளுக்கு மிகப் பொருந்தும் சைன் வளைகோட்டைக் கணித்து, புள்ளிகள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது அதன் முறை. ஐ.இ.இ.இ. 1057 நியமம் இதை விவரிக்கிறது. குறையற்ற பன்னிரண்டு பிட்டுக்குச் சைகை இரைச்சலைவிட 74 டெசிபல் உயர்ந்து நிற்க வேண்டும். விவரத்தாளின் உள்பக்கங்களைப் புரட்டினால் பயனுள்ள பிட் எட்டரை, ஒன்பது என்று இருக்கும். எட்டரை என்றால் 53 டெசிபல். எட்டு பிட் கருவிகளோ நடைமுறையில் ஏழு பிட்டைச் சுற்றி நிற்பவை. அது 44 டெசிபல். ஆக, பெட்டியில் நாலு பிட் வித்தியாசம், மேசையில் ஒன்றரை பிட் வித்தியாசம். இந்த ஒன்றரை பிட்டையும் நான் குறைத்து மதிக்கவில்லை. பாலத்தின் மேல் பஸ் போகும்போதும் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகு கடக்கும்போதும் பெரிய ஓசையும் மெல்லிய ஓசையும் ஒரே பதிவுக்குள் வருகின்றன. பெரியதை வெட்டுப்படாமல் வைத்துக்கொண்டு சிறியதை இழக்காமல் இருக்க ஒவ்வொரு டெசிபலும் வேண்டும். நான் மறுப்பது, நாலு பிட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியை மட்டுமே.

நுண்மையையும் துல்லியத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது இந்தத் தொழிலின் நாட்பட்ட நோய். பன்னிரண்டு பிட் என்றால் முழுவீச்சில் 0.024 சதவீதம் வரை பிரித்துக் காட்டும். அதே கருவியின் விவரத்தாளில் நேரோட்டப் பெருக்கத்தின் வழு ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று இன்னொரு வரியில் இருக்கும். தராசு மில்லிகிராம் வரை முள் அசைக்கும், ஆனால் படிக்கல்லே தேய்ந்தது என்றால் எப்படி? ஓசை எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று கேட்பவருக்கு இது தொல்லை தராது, ஏனென்றால் சுரத்தைத் தருவது நேரம். நேரத்தைப் பளிங்கு அலையாக்கி மிகச் செம்மையாகக் காக்கிறது. ஓசை எவ்வளவு பலமானது, சென்ற ஆண்டைவிடக் குறைந்ததா என்று கேட்பவருக்குத் தொல்லை தரும்.

இங்கே தொழில் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு வைப்பார்கள், அது வலுவானது. வாவி ஓசைக்கு இருநூறு மெகாஹேர்ட்ஸ் எதற்கு? பட்டையைக் குறுக்கினால் இரைச்சலும் குறுகும். இருநூறு மெகாஹேர்ட்ஸை இருநூறு கிலோஹேர்ட்ஸாக்கினால் பட்டை ஆயிரத்தில் ஒரு பங்கு, வெள்ளை இரைச்சல் அதன் வர்க்கமூலப்படி முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஐம்பது மைக்ரோவோல்ற்றுச் சேறு ஒன்றரை மைக்ரோவோல்ற்றாக வற்றிவிடும். அதோடு, அடுத்தடுத்த மாதிரிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் ஹை-ரெஸ் முறை பல கருவிகளில் உண்டு. மாதிரி எண்ணிக்கை நாலு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிட் கூடும். 256 மாதிரியைச் சராசரியாக்கினால் நாலு பிட். அப்படியானால் பழைய எட்டு பிட் பெட்டியே பன்னிரண்டு பிட் ஆகிவிடுகிறதே, புதியது ஏன்? கணக்கு சரி, ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. முதலாவது, இரைச்சல் ஒரு படி அளவுக்காவது இருக்க வேண்டும். கருவி அதிகம் சுத்தமாக இருந்து, சைகை ஒரு படிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தால், ஆயிரம் மாதிரியைக் கூட்டினாலும் ஒரே எண்தான் ஆயிரம் தடவை வரும். இரைச்சல் உதவிக்கு வருகிற இடம் இது ஒன்றுதான். இரண்டாவது நிபந்தனையை மறப்பவர்கள் அதிகம்: படிகள் சம உயரமாக இருக்க வேண்டும். ஏ.டி.சி. எனப்படும் மாற்றிச் சில்லின் படிகள் சில நெட்டை, சில குட்டை. சராசரி இதைத் திருத்தாது. வளைந்த அளவுகோலால் நூறு தடவை அளந்து சராசரி எடுத்தாலும் வளைவு வளைவுதான்.

அந்த வளைவு வாவி விஷயத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்று நெருங்கிப் பாருங்கள். ஐந்நூறு ஹேர்ட்ஸில் ஒரே ஒரு தூய ஓசை வருகிறது. படிகள் சமமில்லாத கருவி அதைப் பதிந்து, நிறமாலையாக்கித் திரையில் போடும்போது 500இல் ஓர் உயர்ந்த கம்பம். 1,000இலும் 1,500இலும் குட்டிக் கம்பங்கள். பார்ப்பவர் மகிழ்ந்து போவார். ஒரு சுரமும் அதன் மேற்சுரங்களும், டெனன்ட் சொன்ன உச்சமும் மந்தமும் கலந்த இசை, கண்முன்னே! குட்டிக் கம்பங்கள் கருவியின் கைவேலை என்று அவருக்கு யார் சொல்வது? சோதனை எளிது. உணர்திறனை மாற்றுங்கள்: கட்டத்துக்கு ஒரு மில்லிவோல்ற்றிலிருந்து இரண்டுக்கும் ஐந்துக்கும் போங்கள். நீரிலிருந்து வரும் மேற்சுரம் என்றால் அதன் வோல்ற்றளவு அப்படியே நிற்கும். கருவி பிறப்பித்தது என்றால் வீச்சை மாற்றும்போதெல்லாம் அதன் உயரமும் மாறும். பிட் எண்ணிக்கையைப் பற்றி ஒரு மணிநேரம் விவாதிப்பதைவிட இந்தக் குமிழை மூன்று கிளிக் திருப்புவது அதிகம் சொல்லும்.

மாதிரி வேகத்தில் இதைவிடப் பெரிய வழுக்கல் இருக்கிறது. சைகையில் உள்ள மிக உயர்ந்த மீடிறனைப்போல் இருமடங்குக்கு மேல் வேகமாக மாதிரி எடுத்தால் எதுவும் தொலையாது என்பது நைகுவிஸ்ட் 1928இல் தொட்டு, ஷானன் 1949இல் நிறுவிக் காட்டிய விதி. செக்கனுக்கு நூறு கோடி மாதிரி எடுக்கும் கருவிக்கு ஓரிரு கிலோஹேர்ட்ஸ் வாவி ஓசை ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நூறு கோடி மெமரி நிரம்பும்வரைதான். 1990களின் பிற்பகுதியில் வந்து உலகத்துப் பட்டறைகளையெல்லாம் நிறைத்த டெக்ட்ரோனிக்ஸ் டி.டி.எஸ். 210இன் மெமரி ஒரு சனலுக்கு 2,500 புள்ளி. பத்துச் செக்கன் ஓசையைத் திரையில் விரித்தால் செக்கனுக்கு 250 மாதிரிதான் மிஞ்சும். முகப்பில் ஒரு கிகா, உள்ளே இருநூற்றைம்பது! அந்த நிலையில் 125 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளது எதுவும் தன் உருவில் வராது. மடிந்து வேறு உருவில் வரும். 440 ஹேர்ட்ஸ் சுரம் 60 ஹேர்ட்ஸாகத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் செருகியிருக்கும் சார்ஜரின் 65,010 ஹேர்ட்ஸ் சிணுங்கல், செக்கனுக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் ஒரு சாந்தமான அலையாகத் திரையில் வந்து நிற்கும். இல்லாத உயிரினம் ஒன்று பிறந்துவிட்டது. இன்றைய கருவிகளில் இரண்டரைக் கோடிப் புள்ளி மெமரி சாதாரணம். இருபது செக்கனுக்கும் பன்னிரண்டரை இலட்சம் வேகம் கிடைக்கும். வாவி ஓசைக்குத் தாராளம். ஆனால் பெட்டியைத் திறந்ததும் கருவி தானாக எவ்வளவு மெமரி எடுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சனல்களை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது வேகம் பாதியாகி, கால் பங்காவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் அப்போதைய வேகம் இருக்கும். பதிவோடு அந்த எண்ணையும் எழுதிவைக்காதவரின் பதிவை நான் சாட்சியமாக எடுப்பதில்லை.

போலி மீடிறன் எப்படிப் பிறக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வாவிக் கரையே போதும். முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடலின் வற்றுப்பெருக்கு அதன் வழியே கொஞ்சம் உள்ளே வரும். ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். முகத்துவாரத்தில் ஒரு கம்பை நட்டு, நாள்தோறும் காலை ஆறு மணிக்கு மட்டும் நீர்மட்டத்தைக் குறிப்பவர், பெருக்கு ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் பிந்துவதால், இன்று உச்சத்தையும் சில நாளில் நடுவையும் ஒரு வாரத்தில் அடியையும் காண்பார். கடல் பதினாலே முக்கால் நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று அவர் குறிப்பேடு சொல்லும். ஒவ்வொரு அளவும் உண்மை, முடிவு பொய். இதில் வேடிக்கை, அந்தப் பதினாலே முக்கால் நாள் சந்திர மாதத்தில் சரிபாதி. ஆகவே பௌர்ணமிக் கணக்கோடும் பொருந்திப்போகும், யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பௌர்ணமி இரவில்தான் மீன் பாடும் என்ற பேச்சையும் இதே கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. கேட்கப் போகிறவர்கள் நிலவு நாளில் போகிறார்கள். டெனன்ட்டும் நிலவில்தான் போனார். அமாவாசையன்று யாரும் போகவில்லை என்பதற்கும் அமாவாசையன்று ஓசை இல்லை என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி. மாதத்துக்கு ஒரு மாதிரி எடுத்துவிட்டு மாதத்துக்குள் நடப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஷானன் விடமாட்டார்.

பழைய கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியில் வளர்ந்தவர்களின் மறுப்பையும் சொல்லியாக வேண்டும். உயர்தரப் பௌதிகவியலில் நாம் எல்லோரும் படித்த அந்தப் பச்சைத் திரைக் கருவி மாதிரி எடுப்பதில்லை. ஆகவே இப்படிப் பொய் சொல்லாது என்பார்கள். உண்மை. பாதிரியார் லாங் பதிந்த 1954இன் காந்த நாடாவும் மடிப்புப் பொய் சொல்லாது. ஆனால் பச்சைத் திரைக்கு நினைவு இல்லை. ஒருமுறை எழுந்து மறையும் ஓசை அதில் ஒளிக்கீற்றாக வந்து போய்விடும், மறுபடி பார்க்க வழியில்லை. நாடாவுக்கு நினைவு உண்டு. ஆனால் அதன் சீறலும் சுழல்வேக நடுக்கமும் சேர்ந்தே நினைவிருக்கும். அந்தக் காலத்து நல்ல நாடாப் பதிவின் சைகை-இரைச்சல் இடைவெளி ஐம்பது டெசிபலைச் சுற்றித்தான். எட்டு பிட்டுக்குச் சமம். இரண்டிலும் குறை உண்டு. பழையவற்றின் குறை காதுக்கும் கண்ணுக்கும் தானாகத் தெரிந்தது. டிஜிட்டல் குறை சுத்தமான கோடாக வந்து நிற்கும். ஆகவேதான் சோதனை கூடுதலாக வேண்டியிருக்கிறது.

பதிவைச் சந்தேகிக்க வாவியே நமக்கொரு சோதனைக்கருவி தருகிறது. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமிருந்தாலும் ஆழம் குறைந்த நீர்நிலை இது. ஆழம் குறைந்த நீரில் தாழ்ந்த மீடிறன் ஓசை தூரம் போகாது. நீர்மட்டத்துக்கும் தரைக்கும் இடையே அதன் அலைநீளத்தில் கால் பங்காவது அடங்க வேண்டும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடுவதால், இரண்டு மீற்றர் ஆழத்தில் 190 ஹேர்ட்ஸுக்குக் கீழும், ஒரு மீற்றர் ஆழத்தில் 375 ஹேர்ட்ஸுக்குக் கீழும் ஓசை பக்கத்திலேயே செத்துவிடும். தரை கல்லாக இல்லாமல் சேறாக இருப்பது இந்த எண்ணை அசைக்கும், போக்கை மாற்றாது. இப்போது பதிவின் நிறமாலையைப் பாருங்கள். 50, 100, 150 ஹேர்ட்ஸில் ஒழுங்காகக் கம்பங்கள் நின்றால் அவை நீரில் நீந்தி வந்தவை அல்ல. நம் வீட்டு 230 வோல்ற்று மின்சாரம் கேபிளின் எர்த் வழியாக ஏறி வந்தவை. ஸ்கோப்பின் மின்கம்பியைக் கழற்றி பற்றரியில் ஓட்டினால் பெரும்பாலும் மாயமாகிவிடும். நானூறு, ஐந்நூறு என்று நிற்கும் கம்பம் ஒன்று, மூடிய வாயில் இல்லாமல், ஹைட்ரோபோன் நீரில் இருக்கும்போது மட்டும் வந்து, சில மீற்றர் தள்ளிப் போனதும் தேய்ந்தால், அது காது கொடுக்கத் தக்கது. டெனன்ட்டின் படகு நகர்ந்தபோது ஓசை தேய்ந்ததும் அதே குணம்தான். மேலான கருவி ஒன்றும் இல்லாமல், படகை முன்னும் பின்னும் தண்டு வலிக்கச் சொல்லி, அவர் நல்ல ஒப்பீட்டுச் சோதனை ஒன்றைச் செய்திருக்கிறார்.

கடைசி மறுப்புத்தான் மிகக் கூர்மையானது. ஒலிப்பதிவுக்கு இருபத்துநாலு பிட் றெக்கோடர்கள் நல்ல ஸ்கோப்பைவிட மலிவாகக் கிடைக்கும்போது, இந்த வேலைக்கு ஸ்கோப்பை இழுப்பானேன்? ஒப்புக்கொள்கிறேன்: வாவி ஓசையைப் பதிய ஸ்கோப் சரியான கருவி இல்லை. செக்கனுக்கு 96,000 மாதிரி எடுக்கும் நல்ல றெக்கோடரின் உண்மையான வீச்சு நூறு டெசிபலைத் தாண்டும். எந்தப் பன்னிரண்டு பிட் ஸ்கோப்பும் பக்கத்தில் நிற்க முடியாது. (அதன் இருபத்துநாலும் பெட்டி எண்தான். முழு இருபத்துநாலுக்கு 146 டெசிபல் வேண்டும்.) ஆனால் றெக்கோடர் தன் வாசலில் எதை வடிகட்டி எறிந்தது என்று சொல்லாது. நீண்ட கேபிளின் கொள்ளளவத்தால் முன்பெருக்கி சில நூறு கிலோஹேர்ட்ஸில் தானாக அலையத் தொடங்கினால், றெக்கோடரில் கேட்பது கரகரத்த, நசுங்கிய ஓசை மட்டும். காரணம் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஸ்கோப்பின் அகன்ற பட்டையில் அந்த அலைவு அரைநொடியில் அகப்படும். பஸ் போகும் வேளையில் முன்பெருக்கியின் உச்சி வெட்டுப்படுகிறதா, பற்றரி இறங்கும்போது சுழியம் நகர்கிறதா என்பதையெல்லாம் வோல்ற்றுக் கணக்கில் சொல்வதும் அதுதான். பதிவது றெக்கோடரின் வேலை, பதிவை நம்பலாமா என்று சொல்வது ஸ்கோப்பின் வேலை. உயர் நுண்மை ஸ்கோப்பை மதிப்பிடும்போது இந்த வேலைக்கு வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் குறைந்த இரைச்சலும் ஆழமான மெமரியும் உள்ள கருவி, பிட் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்திருந்தாலும், எனக்கு மேலானது.

இத்தனை அளவுகோலும் பாட்டின் அழகைக் கொன்றுவிடும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. காரைதீவில் பிறந்து புனித மிக்கேலில் படித்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. வாவியின் ஓசையை நீரரமகளிரின் இன்னிசையாகப் பாடியவரும் அவரே. 1947இல் வெளியான யாழ் நூலில் சுரங்களின் அலகுகளை எண்ணால் அளந்து நிறுவியவரும் அவரே. அளப்பதும் பாடுவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதற்குக் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தைக் கடக்கும் எவருக்கும் வேறு சான்று வேண்டாம்.

ஓசை மீனுடையதா ஊரியுடையதா என்பதை உயிரியலார் தீர்க்கட்டும். ஆனால் இனி கல்லடியில் கேபிள் இறக்கும் மாணவர்களிடமும் ஆர்வலர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீரில் எடுத்த பதிவோடு, அதே அமைப்பில் வாயை மூடி எடுத்த வெற்றுப் பதிவு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். கட்டத்துக்கு எத்தனை மில்லிவோல்ற்று, அப்போதைய மாதிரி வேகம், மெமரிப் புள்ளி, நீரின் ஆழம், திகதி, நேரம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அமாவாசையன்றும் ஒருமுறை போங்கள்.